அயலூர் அச்சுப்பொறியில் நம் எழுத்து

சென்ற கார்த்திகை மாதத்தில் நம் சங்கத்தின் மூத்த அன்பர் ஒருவர் மும்பையில் காலமானார். இரயில்வேயில் கார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நகரில் வாழ்ந்தும், நாள்தோறும் தமிழ்ப் பத்திரிகை வாங்கிப் படிக்கும் வழக்கத்தை விடாதவர். பதினாறாம் நாள் சடங்குக்கு உறவினரையும் நண்பரையும் அழைக்கப் பத்திரிகை அச்சிட வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் அடித்துக் கைப்பேசியில் அனுப்பிவிட்டால் போதாதா என்று பிள்ளைகள் கேட்டனர். அவர்களுடைய அம்மா ஒப்பவில்லை. "எங்க கல்யாணப் பத்திரிகையிலே அவர் பேர் தமிழிலேதான் அச்சாச்சு. இதிலேயும் தமிழிலேதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். மேற்கொண்டு ஒருவரும் பேசவில்லை. கணிப்பொறியில் தமிழ் அடிக்கத் தெரிந்தவர் என்று பெயர் எடுத்திருந்தமையால், அவ்வேலை நம்மிடம் வந்து சேர்ந்தது.

அன்றிரவே அடித்து முடித்தோம். உறவினர் பெயர்களை மட்டும் சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேட்டுக் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினோம். நம் வீட்டுத் திரையில் எல்லாம் செம்மையாகவே இருந்தன. மறுநாள் காலை அலுவலகம் செல்லும் வழியில் தாதரில் ஒரு கடையில் பென் டிரைவைக் கொடுத்து, நூற்றைம்பது படிகள் வேண்டுமென்று சொல்லி, மாலையில் கட்டை வாங்கிக்கொண்டு மின்சார இரயிலில் ஏறினோம். கூட்டம் சற்றே தளர்ந்த பிறகுதான் கட்டைப் பிரித்துப் பார்க்கக் கை நீட்ட இடம் கிடைத்தது.

காலமான பெரியவரின் பெயர் ‘கோ’ என்னும் எழுத்தில் தொடங்குவது. அவ்வெழுத்து மூன்று துண்டாய்க் கிடந்தது. முதலில் ‘க’, அதற்கு வலப்பக்கத்தில், ஊர் தெரியாமல் இறங்கிவிட்ட பயணியைப்போல் இரட்டைக்கொம்பு, அதற்கும் அப்பால் துணைக்கால். கீழே உறவினர் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழே இல்லை. ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து, நம் இரயில்வேயின் நிலையக் குறியீடுகளையெல்லாம் யாரோ ஒரு சாக்கில் இட்டுக் குலுக்கிக் கொட்டியதுபோல் இருந்தன. நூற்றைம்பது படிகளிலும் அப்படியே.

கடைக்காரரைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவர் மராத்தியர், தமிழெழுத்து அவருக்குக் கோலம். கோலத்தில் ஓர் இழை இடம் மாறினால் அவர் எங்ஙனம் அறிவார்? தமிழ்நாட்டில் ஓர் அச்சகத்தில் இப்பிழை நேர்ந்திருந்தால், பொறியை இயக்கும் பையனே முதல் தாளைப் பார்த்தவுடன் நிறுத்தியிருப்பான். இங்கே நிறுத்துவதற்கு உரியவர் நாமே. நாமோ அலுவலகத்தில் இருந்தோம்.

ஆயினும் ஓர் ஐயம் நம்மை விடவில்லை. வீட்டில் சரியாக இருந்தது கடைக்குப் போனதும் ஏன் சிதைய வேண்டும்? கோப்பு ஒன்றே; அதில் நாம் இட்ட எழுத்தும் ஒன்றே. அதன் பிறகு சில மாதங்களாக இதைப்பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை அன்பர்கள் முன் வைக்கிறோம். நாம் இத்துறையில் கற்றுத் தேர்ந்தவர் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வோடு நின்று எழுத்தர் வேலைக்கு வந்தோம். ஆனால் திருமணம், காதுகுத்து, புதுமனை புகுதல், ஆண்டு விழா என்று வெளியூர்த் தமிழர் ஒவ்வொரு வீட்டிலும் இத்தொல்லை வருகின்றமையால், தெரிந்த அளவையேனும் சொல்லிவைப்பது கடமை என்று தோன்றிற்று.

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட நாளில் இத்தொல்லை இல்லை. இந்திய எழுத்துகளுள் முதன்முதல் அச்சேறியது தமிழெழுத்தே என்பதை அன்பர்கள் அறிவீர்கள். 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூல் அச்சாயிற்று. அன்று தொடங்கி நானூறு ஆண்டுக் காலம், தமிழ் ஈய எழுத்து உள்ள அச்சகத்தில் தமிழ் அச்சாகும். இல்லாத அச்சகத்தில் ஆகாது. அச்சுக் கோப்பவர் பெட்டியிலிருந்து ‘கோ’வுக்கு உரிய துண்டுகளை எடுத்து முறைப்படி நிறுத்துவார், நிறுத்தியது நிறுத்தியபடியே தாளில் பதியும். அவர் தவறு செய்யலாம். பொறி தானாகத் தவறு செய்வதில்லை.

கணிப்பொறியிலோ எழுத்து என்பது எழுத்தன்று, எண். நாம் விசையைத் தட்டும்போது கோப்பில் பதிவது ஓர் எண்ணே. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ என்றால் 65. அந்த எண் மட்டுமே வேறொரு பொறிக்குச் செல்கிறது. அங்குள்ள பொறி தன்னிடமிருக்கும் பெட்டியைத் திறந்து 65-க்கு உரிய உருவத்தை எடுத்து நிறுத்துகிறது. பார்சல் அலுவலகத்தில் பணி செய்தவர்களுக்கு இது விளங்கும். மூட்டையின்மேல் எண் இருக்கிறது. அவ்வெண் யாருடையது, எந்த ஊருக்கு உரியது என்பது பதிவேட்டில் இருக்கிறது. அனுப்பும் நிலையத்துப் பதிவேடும் பெறும் நிலையத்துப் பதிவேடும் ஒன்றாக இருக்கும்வரையில் மூட்டை உரியவரிடம் போய்ச் சேரும். பதிவேடுகள் வேறுபட்டால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆஸ்கி என்னும் எண் வரிசையைப் பொதுவாக வகுத்தார்கள். அதில் இருந்த இடங்கள் 128. ஆங்கிலத்துக்கு அது போதும். பிரெஞ்சுக்காரர்க்கும் ஜெர்மானியர்க்கும்கூடப் போதவில்லை. ஆகவே ஒவ்வொரு நாட்டாரும் சில இடங்களைத் தமக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டனர். 1980-களில் பரவிய புள்ளி அச்சுப்பொறிகளில் இக்கூத்து கண்கூடாகத் தெரிந்தது. முன்பதிவுச் சாளரங்களில் கரகரவென்று ஒலித்துக்கொண்டு சீட்டு அடிக்குமே, அந்த இனம். அப்பொறிகளுக்குக் கணிப்பொறியிலிருந்து வருவது எண் மட்டுமே. உருவம் பொறியின் உள்ளேயே பதிந்திருக்கும். எப்ஸன் போன்றோர் செய்த பொறிகளில் சிறு சிறு விசைகள் சில இருக்கும். அவற்றை அமெரிக்காவுக்கு என்று வைத்தால் # என்னும் குறி விழும். இங்கிலாந்துக்கு என்று வைத்தால் அதே எண்ணுக்குப் பவுன் குறி விழும். திரையில் ஒன்று, தாளில் வேறொன்று. வேர்ட்ஸ்டார் போன்ற எழுத்துச் செயலிகளில் கடிதம் அடித்தவர்கள், பொறிக்குப் பொறி ஒரு குறிப்புத் தாள் வைத்துக்கொண்டு திண்டாடினார்கள்.

பின்னர் லேசர்ப் பொறிகள் வந்தன. 1985-இல் ஆப்பிள் நிறுவனத்தார் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க மொழியுடன் ஒரு லேசர்ப் பொறியை வெளியிட்டனர். 1991, 1992-ஆம் ஆண்டுகளில் ட்ரூடைப் எழுத்துருக்கள் ஆப்பிளிலும் விண்டோஸிலும் அடுத்தடுத்து இடம்பெற்றன. அதிலிருந்து எழுத்தின் உருவத்தைக் கணிப்பொறியே வரைந்து அச்சுப்பொறிக்கு அனுப்பலாம் என்றாயிற்று. இது பெரிய மாறுதல். ஆனால் தொல்லை ஒழிந்ததா என்றால், இல்லை; அச்சுப்பொறியிலிருந்து கணிப்பொறிக்கு இடம் பெயர்ந்தது, அவ்வளவே. முன்பு கடைக்காரரின் அச்சுப்பொறியில் உருவம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இப்போது அவர் கணிப்பொறியில் நம் எழுத்துரு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

தமிழுக்கு நேர்ந்த கதையை இனிச் சொல்லலாம். நம் எழுத்துகள் 247. கணிப்பொறியின் பழைய பெட்டியில் மொத்த இடங்களே 256. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. எனவே எழுத்துரு செய்தவர்கள் கொம்பையும் காலையும் தனித்தனித் துண்டுகளாக்கி, கிடைத்த இடங்களில் தத்தம் விருப்பப்படி அடுக்கினர். ஒருவர் அடுக்கு மற்றவர்க்குப் பொருந்தாது. இவற்றுள் மிகப் பரவியது பாமினி. அதில் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் உருவங்களை வைத்திருக்கிறார்கள். ‘தமிழ்’ என்று நாம் பாமினியில் அடித்தால், கோப்பில் உண்மையில் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி உள்ள பொறியில் அது ‘தமிழ்’ என்று காட்சி தரும். இல்லாத பொறியில் ஜே, கே, பி, ஓ என்றே நிற்கும். நம் உறவினர் பெயர்களுக்கு நேர்ந்தது இதுவே. பழைய பதிவேடு பாமினியில் அடிக்கப்பட்டது. நம் வீட்டுப் பொறியில் பாமினி இருந்தது. தாதர்க் கடையில் இல்லை.

இக்குழப்பத்தைத் தீர்க்கத் தமிழர் வாளா இருந்தனர் என்று எண்ண வேண்டா. உலகெங்குமுள்ள ஆர்வலர் கூடி டிஸ்கி என்னும் வரிசையை வகுத்தனர். 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாப், டாம் என்னும் இரு வரிசைகளையும் ‘தமிழ்99’ விசைப்பலகையையும் ஏற்றது. விசைப்பலகை நிலைத்துவிட்டது, வரிசைகள் நிலைக்கவில்லை. அவற்றுக்கு மேலாக உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோட் எனப்படும் ஒருங்குறி வந்துவிட்டது.

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழ் அதிலேயே இடம்பெற்றிருந்தது. ஒருங்குறியில் ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்து. அவ்வெண்ணை வேறு எந்த மொழியும் எடுத்துக்கொள்ளாது. எழுத்துரு இல்லாத பொறியிலும், அது வெறுங்கட்டமாகத் தோன்றலாமே ஒழிய ஜே, கே, பி, ஓ ஆகிவிடாது. ஆனால் தமிழுக்குக் கிடைத்த இடங்கள் 128 மட்டுமே. 1988-ஆம் ஆண்டின் இஸ்கி என்னும் இந்திய வரிசையைப் பின்பற்றி அவ்விடங்களை ஒதுக்கினார்கள். அகர மேறிய மெய்களுக்கு இடம் உண்டு. ஏனைய உயிர்மெய்களுக்குத் தனி இடம் இல்லை. ‘கோ’ என்றால் ‘க’வுக்கு ஓர் எண், ஓகாரக் குறிக்கு ஓர் எண். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டும் என்று வாதிட்டவர்கள் உண்டு. 2010-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றபோது, அத்தகைய டேஸ்16 என்னும் வரிசையையும் அதனுடன் சேர்த்து ஏற்றது. அவ்வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நாமும் நினைக்கிறோம். ஆனால் நாடெங்கும் கடைகளில் இருப்பது ஒருங்குறியே. அதைக்கொண்டே நாம் வாழ வேண்டும்.

இங்கேதான் ‘கோ’ உடைந்த மருமம் இருக்கிறது. கோப்பில் முதலில் ‘க’ நிற்கிறது. அடுத்து ஓகாரக் குறி. ஆனால் தாளில் வரும்போது அக்குறி இரண்டாகப் பிரிந்து, இரட்டைக்கொம்பு ‘க’வுக்கு முன்னும் துணைக்கால் பின்னும் போய் நிற்க வேண்டும். இப்படிப் பிரித்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. பழைய அச்சுக் கோப்பவர் செய்ததை இப்போது ஒரு நிரல் செய்கிறது. விண்டோஸ் 2000 முதல் இவ்வேலை தெரிந்த நிரல் கணிப்பொறியிலேயே உண்டு. ஆனால் பக்கம் அமைக்கும் பழைய செயலிகள் அதைக் கேட்பதில்லை. 2001-இல் கடைசிப் பதிப்பைக் கண்ட பேஜ்மேக்கருக்கு ஒருங்குறியே தெரியாது. அதன்பின் வந்த சிலவற்றுக்கு ஒருங்குறி தெரியும், இந்திய எழுத்தை நிறுத்தும் முறை தெரியாது. தெரிந்த செயலிகளிலும் சிலவற்றில் தெற்காசிய மொழிகளுக்கு உரிய அமைப்பைத் தேடிச் சென்று இயக்க வேண்டும். தெரியாத செயலி என்ன செய்யும்? ‘க’வை வைக்கும், குறியை வந்த வரிசையிலேயே அதன் பக்கத்தில் வைக்கும். சில வேளைகளில், இக்குறிக்கு இங்கே எழுத்து இல்லையே என்று ஒரு புள்ளி வட்டத்தையும் வரைந்து காட்டும். தாதர்க் கடையில் நம் வரிகளை வெட்டி அத்தகைய செயலி ஒன்றில் ஒட்டியிருக்கிறார்கள்.

இது தமிழுக்கு மட்டும் உரிய நோய் என்று நாம் முதலில் நினைத்தோம். பிறகு பழக்கமான கடைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், இந்திக்கும் இதே கதைதான் என்று. கிருதி தேவ் என்னும் எழுத்துருவில் அடித்த இந்தி, அது இல்லாத பொறியில் ஆங்கிலப் பிதற்றலாகிறதாம். தேவநாகரியில் குற்றிகரக் குறி மெய்க்கு முன்னால் நிற்க வேண்டியது பின்னால் போய்விடுகிறதாம். அவர் சொன்னதும் நமக்கு ஏனோ பாதித் துன்பம் குறைந்தது.

நம் பத்திரிகைக்குத் திரும்புவோம். உறவினர் பெயர்களையெல்லாம் ஒருங்குறியில் மறுபடி அடித்துக்கொண்டு, இம்முறை சயானில் வேறொரு கடைக்குச் சென்றோம், அருகிலேயே நின்றோம். வேர்டு கோப்பாகவே திறந்தார்கள். எழுத்து உடையவில்லை. ஆனால் எழுத்துரு வேறாகிவிட்டது. நாம் நோட்டோ செரிஃப் தமிழில் அடித்திருந்தோம். அங்கே அது இல்லாமையால் விண்டோஸ் தன்னிடமிருந்த நிர்மலாவை இட்டு நிரப்பியது. நிர்மலா கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். ஆயினும் அகலம் வேறு. வரிகள் நீண்டு மடங்கி, சடங்கு நடக்கும் இடத்தின் முகவரி இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. இடம் இல்லாத அழைப்பிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அச்சிடாமல் திரும்பினோம். விண்டோஸ் பதிப்புக்குப் பதிப்பு தமிழெழுத்துரு மாறியிருக்கிறது. 2000-இல் வந்தது லதா. ஏழாம் பதிப்பில் விஜயா. எட்டாம் பதிப்பில் நிர்மலா. ஆப்பிள் பொறியில் உள்ளவை முற்றிலும் வேறு. ஒரே கோப்பு இவை ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உருவத்தில் திறக்கும் என்பதை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

எழுத்தேயன்றிச் சிறப்புக் குறிகளிலும் இத்தொல்லை உண்டு. ரூபாய்க் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். இதே மும்பையில், பவாயிலுள்ள ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி செய்த தமிழர் உதயகுமார் வரைந்த ₹ என்னும் குறியை நடுவண் அமைச்சரவை 15-7-2010 அன்று ஏற்றது. அவ்வாண்டு அக்டோபரிலேயே ஒருங்குறியில் அதற்கு எண்ணும் கிடைத்தது. ஆயினும் இடைப்பட்ட நாள்களில் ஆர்வமிகுதியால், விசைப்பலகையில் ‘டேப்’ விசைக்கு மேலே உள்ள சிறு கீற்றின் இடத்தில் இக்குறியை வைத்த எழுத்துருக்கள் நாடெங்கும் பரவின. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் ரூபாய் மறுபடி கீற்றாகிவிடும். நம் சங்கத்தின் பழைய கணக்கறிக்கை ஒன்றை அண்மையில் திறந்தபோது, ஒவ்வொரு தொகைக்கு முன்னும் ஒரு கீற்று நின்றது; பொருளாளர் பிழை திருத்தக் குறியிட்டிருக்கிறார் என்றே முதலில் எண்ணினோம். புள்ளி அச்சுப்பொறியின் உள்ளேயே பதிந்த பழைய உருவங்களிலும் ₹ இராது, அங்கே ‘ரூ.’ என்று அடிப்பதே நலம்.

திருமணப் பத்திரிகையின் தலைவரியில் வரும் ‘ஸ்ரீ’ இன்னொன்று. பார்வைக்கு ஒன்றாக இருந்தும் இதை இரு வகையில் அடிக்கலாம். ‘ஸ’வைக்கொண்டு அடிப்பது பழைய முறை; 2005-ஆம் ஆண்டு ஒருங்குறியில் சேர்ந்த ‘ஶ’ என்னும் கிரந்த எழுத்தைக்கொண்டு அடிப்பது புதிய முறை. புதிய முறையில் அடித்ததைப் பழைய எழுத்துரு அறியாது. மங்கலச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் வெறுங்கட்டம் விழும். நாள், மாதம், வருடம் ஆகியவற்றைக் குறிக்கும் ௳, ௴, ௵ என்னும் சுழிகள் 2003-இல் ஒருங்குறியில் சேர்ந்தன. பெரியவர்கள் இவற்றை விரும்பிக் கேட்பார்கள். எல்லா எழுத்துருவிலும் இவை இல்லை; தெரிந்து இட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மாற்று என்ன? கடைக்கு எழுத்தை அனுப்பாதீர்கள், பக்கத்தை அனுப்புங்கள். பிடிஎஃப் என்னும் கோப்பு முறையை அடோபி நிறுவனத்தார் 1993-இல் வெளியிட்டனர். 2008-இல் அது உலகத் தரமாயிற்று. அதில் எழுத்துருவையே கோப்பின் உள்ளே வைத்து அனுப்பலாம். மூட்டையோடு பதிவேட்டையும் சேர்த்துக் கட்டி அனுப்புவதுபோல. கடைக்காரரிடம் தமிழெழுத்துரு இருக்க வேண்டிய தேவை இல்லை. கொம்பும் காலும் வீட்டிலேயே நிறுத்தப்பட்டுவிடுகின்றன.

வேர்டில் ‘சேவ் ஆஸ்’ என்னும் இடத்திலேயே பிடிஎஃப் உண்டு. லிபர் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் ‘எக்ஸ்போர்ட்’ செய்யலாம். செய்து முடித்ததும் அடோபி ரீடரில் திறந்து, கண்ட்ரோல் விசையோடு ‘டி’ விசையை அழுத்தினால் ஒரு பலகை வரும். அதில் ‘ஃபாண்ட்ஸ்’ என்னும் பக்கத்தில் நம் எழுத்துருவின் பெயருக்கு அருகில் ‘எம்பெடட்’ என்று இருக்க வேண்டும். இல்லையேல் எழுத்துரு உள்ளே போகவில்லை. சில எழுத்துருக்களை அங்ஙனம் உள்ளே வைக்க அவற்றின் உரிமையாளர் இடந்தருவதில்லை. நோட்டோ போன்ற கட்டற்ற எழுத்துருக்களுக்கு அத்தடை இல்லை. அவற்றை எந்தக் கணிப்பொறியிலும் பணமின்றி நிறுவிக்கொள்ளலாம்.

கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவோர் படமாக அனுப்பலாகாது. அது சுருங்கி மங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்து அனுப்ப வேண்டும். ஃபிளெக்ஸ் பலகை செய்பவர்கள், ‘கர்வ் பண்ணிக் கொடுங்கள்’ என்று கேட்பார்கள். எழுத்தை எழுத்தாக வைக்காமல் வெறுங்கோடுகளாக மாற்றுவது அது. அப்படி மாற்றியபின் ஓர் எழுத்தையும் திருத்த முடியாது. ஆகவே ஒருங்குறியில் அடித்த மூலக் கோப்பைத் தனியே பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பிடிஎஃப்பிலிருந்து தமிழைத் திரும்ப எடுக்க முயன்றவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் அது குப்பையாகவே வரும் என்பது. பிடிஎஃப்பும் ஒரு பழைய அச்சுப்பொறியில் கோளாறு செய்தால், அடோபி ரீடரின் அச்சுப் பலகையில் ‘அட்வான்ஸ்டு’ என்னும் இடத்தில் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தேர்ந்தால் முழுப் பக்கமும் படமாகப் போகும். சற்றுத் தாமதமாகும், எழுத்து மாறாது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு மூன்றாம் கடைக்குப் போனோம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அப்போது நமக்குத் தெரிந்தது பிடிஎஃப் என்ற ஒரு சொல்லே. அதுவும் அலுவலக நண்பர் ஒருவர் சொல்லித் தந்தது. அவரே இன்னொன்றும் சொன்னார். தம் வீட்டுச் சிறு அச்சுப்பொறியில் ஒரு படி அடித்துக் கொடுத்து, "இதைக் கடைக்காரரிடம் கொடுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் ஒத்துப் பார்க்கத் தெரியுமல்லவா?" என்றார்.

மூன்றாம் கடையில் வேலை செய்தவர் இருபது வயதுப் பிள்ளை. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர். துக்கப் பத்திரிகை என்று சொன்னதும், கறுப்புக் கரை போட்டுத் தருகிறேன் என்று தாமே முன்வந்தார். கரை போடுவதற்காகப் பிடிஎஃப்பைத் தம் வடிவமைப்புச் செயலியில் திறந்தார். திறந்தவுடன் அச்செயலி பக்கத்தைப் பழையபடி எழுத்தாக்கிவிட்டது. நாம் அப்போது தேநீர் வாங்க வெளியே சென்றிருந்தோம். திரும்பி வந்தபோது அப்பிள்ளை நம் மாதிரித் தாளைத் திரைக்கு அருகில் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரியில் விரலை நிறுத்தி, "அண்ணா, இது வேறு மாதிரி இருக்கிறதே?" என்று இந்தியில் கேட்டார். அவர் விரல் நின்ற இடம் ‘கோ’. தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர் கண்டுபிடித்தார். தமிழ் படித்த நாம் முதல் கடையில் கண்டுபிடிக்கவில்லை. பிறகு அவர் பிடிஎஃப்பைத் திறக்காமல் படமாகவே உள்ளே வைத்து, அதைச் சுற்றிக் கரை போட்டார். முதல் தாளை நாமும் அவரும் ஒருங்கிருந்து பார்த்தோம். அதன் பின்னரே மற்றவை அடிக்கப்பட்டன.

ஒன்பதாம் நாள் மாலை கட்டை அவ்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அம்மா மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெயர் இருந்த வரியை வாய்விட்டுப் படித்தார். மற்ற வரிகளைப் படிக்கவில்லை. "ஏன்ப்பா இத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார். கடையில் கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டு வந்தோம். இம்மாத இதழும் அவர் வீட்டுக்குப் போகும், உண்மை தெரிந்துவிடும், பொறுத்துக்கொள்வார்.

நாம் இப்போது எக்கடைக்குப் போனாலும் கையில் ஒரு சோதனைத் தாளை எடுத்துச் செல்கிறோம். கொ, கோ, கௌ, ணை, க்ஷ, ஸ்ரீ, ஃ, ௵, ₹ என்று, உடையக்கூடிய எழுத்துகளும் குறிகளும் மட்டும் அதில் பெரிதாக அச்சிட்டிருக்கும். கடைக்காரர் பொறியில் அதன் கோப்பை முதலில் ஒரு படி அடிக்கச் சொல்லி ஒத்துப் பார்த்த பிறகே பத்திரிகையைக் கொடுக்கிறோம். அத்தாளும் அதன் பிடிஎஃப்பும் சங்கச் செயலாளரிடம் இருக்கின்றன. ஞாயிறு மாலைகளில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். பாமினியில் அடித்த பழைய கோப்புகள் யாரிடமேனும் இருந்தால், பென் டிரைவில் கொண்டுவரலாம். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவி இருக்கிறது; மாற்றியதை அடித்தவரே ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் முதல் நாற்பது பெயர்களை இதற்குள் மாற்றி முடித்திருக்கிறோம்.